கூட்டத்தில் அறிவித்த ஐம்பதாயிரம்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஐம்பதாயிரம் தருவதாகச் சொன்னார். நோட்டீஸில் பெயரும் போட்டோம். வேலை முடிந்து ஒரு வருஷமாகிறது. கேட்டால் ‘அடுத்த மாசம்’ என்கிறார். சித்தூர் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போடலாமா? முத்திரைத்தாளில் எழுதி வாங்காதது தப்பா?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

முத்திரைத்தாளுக்கு அப்படியொரு சக்தி கிடையாது. பிரதிபலன், அதாவது வாக்குக்குப் பதிலாக மறுதரப்பு தருவதோ செய்வதோ இல்லாத உடன்பாடு செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 25ஆம் பிரிவு. கேரள–தமிழ்நாடு எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கமானாலும் இதே சட்டம்தான். நெருங்கிய உறவுக்குள் பாசத்தால் எழுதிப் பதிவு செய்த பத்திரத்துக்கு விலக்கு உண்டு. கோயில் நன்கொடைக்கு அது பொருந்தாது. நோட்டீஸில் பெயர் போட்டதும் பிரதிபலன் ஆகாது, அவர் கேட்டுப் போட்டதாக இருந்தால் ஒழிய.

ஆனால் கதவு முழுக்க அடைக்கவில்லை. ஹௌராவில் டவுன் ஹால் கட்டச் சந்தா எழுதினார்கள். அந்தச் சந்தாக்களை நம்பி கமிட்டி கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் போட்டது; பணம் எதற்குப் போகிறது என்பது எழுதியவருக்கும் தெரியும். நூறு ரூபாய் எழுதியவர் கட்டியே ஆக வேண்டும் என்று 1886-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1930-களில் வந்த கோயில் திருப்பணி வழக்கில் நேர்மாறு: வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, பணம் போதாமல் பிறகுதான் சந்தாப் பட்டியல் போட்டார்கள். கமிட்டி தோற்றது.

ஆகவே உங்கள் வழக்கு தேதிகளில்தான் இருக்கிறது. கூட்ட மினிட்ஸ், ஸ்தபதியோடு போட்ட ஒப்பந்தம், அட்வான்ஸ் ரசீது மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அட்வான்ஸ் முன்னால், அறிவிப்பு பின்னால் என்றால் வக்கீல் ஃபீஸ் வீண். அறிவிப்பு முன்னால் வந்து, ‘கோபுரச் சுதை வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள், நான் தருகிறேன்’ என்பது போல அவர் கேட்டது மினிட்ஸில் பதிந்திருந்தால் தைரியமாகப் போகலாம். கமிட்டி பதிவு பெற்றதா என்பதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்தபதியிடம் கையெழுத்திட்டவரை வாதியாக்குவதே நல்லது. வாக்குத் தவறிய நாளிலிருந்து மூன்று வருஷம் கெடு. வாயால் சொன்ன ‘அடுத்த மாசம்’ அதை நீட்டாது.

செக் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாங்குங்கள், பாஸானால் சரி. திரும்பினால், செக் மோசடிக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கேஸ் நிற்பது கஷ்டம். சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்குத் தந்த செக்குக்குத்தான் அது; ‘நன்கொடைக்குத் தந்தேன்’ என்று அவர் நிரூபித்தால் போதும்.

அடுத்த திருப்பணிக்கு, ஸ்தபதிக்கு முதல் ரூபாய் கொடுக்கும் முன்பே, இன்ன வேலைக்கு இன்ன தொகை, என் பேரில் ஆரம்பியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வெள்ளைத்தாளே போதும்.