அமெரிக்க ராணுவத்தில் சேரும்போது ‘மருத்துவப் பதிவுகள் முழுமையாக இல்லை’ என்றால் என்ன?

அமெரிக்க ராணுவத்தில் சேர விண்ணப்பிப்பவர்களை ‘மெப்ஸ்’ என்ற மையங்களில் மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். பழைய நோய் அல்லது சிகிச்சை பற்றி முடிவெடுக்கத் தேவையான ஏதோ ஒரு தாள் குறைந்தால், இப்படிச் சொல்லிக் கோப்பை நிறுத்திவைப்பார்கள்.

நேரில் பார்த்தாலே தெரியாதா? எல்லாம் தெரியாது. ஆஸ்துமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 வயதுக்குப் பிறகும் அது இருந்ததா என்பதுதான் அங்கே விதி கேட்கும் கேள்வி. இருந்திருந்தால் பொதுவாக அந்த விதியிலிருந்து தனி விலக்கு வாங்க வேண்டியிருக்கும். இன்று நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அந்த வயது கேட்காது. கடைசியாக இன்ஹேலர் எழுதிக்கொடுத்த சீட்டின் தேதிதான் பேசும். 2022 முதல் ஜெனிசிஸ் என்ற கணினி அமைப்பு வெளி மருத்துவமனைப் பதிவுகளையும் இழுத்து வந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், பல நேரம் அரைகுறையாகத்தான் வரும்: மருந்துச் சீட்டு இருக்கும், குணமானதாக டாக்டர் எழுதிய குறிப்பு இருக்காது. மீதியை விண்ணப்பதாரர்தான் அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும். பழைய கிளினிக் மூடியிருந்தால் அலைச்சல்தான்.

வீட்டுக்கடனுக்குப் போனால் பட்டா இருந்தும் மூலப்பத்திரம் எங்கே என்று பேங்கில் கேட்பார்களே, அப்படித்தான் இதுவும்.

பலர் இதை நிராகரிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் தகுதி பற்றி இன்னும் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை, கேட்ட தாள் வந்தால் கோப்பு மறுபடி நகரும்.