வேலையை விட்டுவிட்டு நாளாந்தம் பங்கு வாங்கி விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சீட்டு எடுத்த ஐந்து இலட்சத்தைக் கொழும்புப் பங்குச்சந்தையில் போட்டு இரண்டு மாதத்தில் 80,000 ரூபாய் இலாபம் பார்த்தேன். அம்மாவின் நகையை அடகு வைத்து, வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: தம்பி, நகையை வைக்காதீர்கள். வேலையையும் விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து இலட்சத்துக்கு 80,000 என்றால் 16 சதவீதம். அதே இரண்டு மாதத்தில் சந்தையில் உள்ள எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் ஒரே எண்ணில் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அதுவும் 15, 16 சதவீதம் ஏறியிருந்தால் அந்தக் காசு சந்தை தந்தது. எல்லாம் ஏறுகிற காலத்தில் எதைத் தொட்டாலும் இலாபம் வரும், தனக்குக் கைராசி என்று மனமும் நம்பிவிடும். இப்படி நம்பியவர்கள்தான் அடுத்ததாக நகைப்பெட்டியைத் திறக்கிறார்கள்.

அப்புறம் செலவு. தரகுக் கூலி, வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது இன்னொரு 1.12. ஐந்து இலட்சத்துக்கு இன்று வாங்கி இரண்டு நாளில் விற்றால், விலை அசையாவிட்டாலும் ஏறத்தாழ 11,200 ரூபாய் போய்விடும். கிழமைக்கு இரண்டு தடவை இப்படிச் செய்தால் மாதம் 90,000 வரை. இரண்டு மாதம் உழைத்த இலாபத்தை ஒரு மாதச் செலவே விழுங்கிவிடும். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை நாள் வணிகத்தில், அதாவது வாங்கியதை அன்றைக்கே விற்கும் வியாபாரத்தில், இறங்கியவர்களை ஆராய்ந்தார்கள். 300 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு நட்டம்.

போனில் தெரியும் விலையையும் நம்பியிருக்காதீர்கள். சுன்னாகம் சந்தையில் காலையில் வெங்காயம் நல்ல விலை போயிருக்கலாம். நீங்கள் மூட்டையை இறக்கும்போது வாங்க ஆள் நிற்க வேண்டுமே! சிறிய கம்பனிப் பங்குகளும் அப்படித்தான். சில நேரம் முழுச் சந்தைக்குமே இந்த நிலை வரும். 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000-ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் 18 முதல் ஒரு கிழமை சந்தையையே மூடினார்கள். 25ஆம் திகதி திறந்த அன்றே விலைகள் சரிந்து, வணிகத்தை இடையில் நிறுத்தினார்கள். அந்த மாத முடிவில் சுட்டெண் 8,000-க்கும் கீழே. சந்தை மூடியிருந்த கிழமையிலும் அடகு வட்டி நிற்கவில்லை. தரகரிடம் கடனுக்கு வாங்கியிருந்தால் இன்னும் மோசம். விலை இறங்கியதும் உங்கள் பங்குகளைத் தரகர் உங்களைக் கேட்காமலே விற்றுவிடலாம்.

மனசு செய்கிற வேலையையும் கவனியுங்கள். 40க்கு வாங்கியது 44 ஆனதும் கை பரபரக்கும், விற்றுவிடுவீர்கள். 60க்கு வாங்கியது 48 ஆனால் விற்க மனம் வராது. 'அவரேஜ் பண்ணுவோம்', அதாவது குறைந்த விலையிலும் வாங்கிச் சராசரி விலையை இறக்குவோம் என்று, மேலும் வாங்குவீர்கள். கொஞ்ச நாளில் நல்ல பங்கெல்லாம் போய், கையில் நட்டப் பங்கு மட்டும் மிஞ்சும். இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடப்பது. சம்பளமும் இல்லை, நகையும் அடகில் என்றால் பயத்தில் எடுக்கும் முடிவுகள் இன்னும் கெடும். போன காசை இன்றைக்கே எடுக்க வேண்டும் என்ற வெறி வந்தால், அன்று போனை அணைத்துவிடுங்கள். ஒன்பதரைக்குச் சந்தை திறக்குமுன் நெஞ்சு படபடத்தால், இரவில் நித்திரை வராவிட்டால், வீட்டில் நட்டத்தை மறைத்தால், அது காசுப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. நம்பிக்கையான ஒருவரிடம் கதையுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

இப்போதைக்கு முதலையும் இலாபத்தையும் பிரியுங்கள். முழுதாகப் போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற அளவு காசை மட்டும் சந்தையில் விடுங்கள், மீதி நிலையான வைப்பில் கிடக்கட்டும். நீங்கள் கணக்கு எழுதுபவர், ஒரு கொப்பி போதும். வாங்கிய திகதி, விலை, வாங்கிய காரணம், விற்ற விலை, செலவு, அன்றைய சுட்டெண். காரணத்தை வாங்குமுன் எழுதுங்கள். மூன்று மாதம் ஒன்றையும் விடாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.