மாமியாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்

கேள்வி: புயல்மழையில் பக்கத்து மரம் எங்கள் வேலியில் சாய்ந்துவிட்டது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்திருக்கிறது. மூன்று நாளாகக் கரண்டு இல்லை. பிள்ளைகளை இரண்டு நாள் காரில் எங்காவது கூட்டிப் போகலாம் என்றால், "ஊரே சேறு அள்ளுது, உங்களுக்கு ஊர் சுத்தணுமா?" என்கிறார் மாமியார். போகலாமா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகப் போங்கள். மாமியாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 4 ராத்திரி அடித்த காற்றையும் மழையையும் பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது ஜெலுத்தோங்கில் தரை வீட்டில் இருந்தோம். ஞாயிறு விடிந்தபோது நாற்காலிகள் மிதந்துகொண்டிருந்தன. ஊருக்குப் போகலாமா என்றதும் என் மாமியாரும் இதையேதான் கேட்டார். இரண்டு நாள் சேறு வாரிய பிறகு, செவ்வாய்க்கிழமை காலையில் அவரே என் வீட்டுக்காரரிடம், "ஃபேன் சுத்துற ஊரா பார்த்துக் கூட்டிட்டுப் போப்பா" என்றார். பிள்ளைகளின் புத்தகம், சீருடை எல்லாம் நனைந்து கிடந்ததால் பள்ளிக்கூடம் பற்றிய பேச்சே எழவில்லை.

தைப்பிங் போனோம். பாலம் ஏறி, நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். அதிகமாக மழை பெய்வதற்கே பேர் போன ஊருக்கு மழையில் அடிபட்டு ஓடிய குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். அறை வாடகை மலிவு என்பது வீட்டுக்காரர் சொன்ன நியாயம்.

அங்கே ஈயம் தோண்டிய குழிகளை 1880இல் பூங்காவாக்கிய ஏரித் தோட்டம் இருக்கிறதே, அதன் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீர் வரை கிளை தாழ்த்தி நிற்கும். எல்லோரும் அதன் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டிருக்க, என் சின்னவள் மட்டும் வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "இதுவும் விழும்மா." எங்கள் தெருவில் விழுந்த மரத்தை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். மாமியார் ஒன்றும் பேசாமல் தூரத்துப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, மழை இறங்கும்வரை பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவளே போய் ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அதோடு சரி, படத்துக்கு நிற்கவில்லை.

கிளம்புமுன் சேற்றை வாரிவிடுங்கள். காய்ந்தால் மண்வெட்டிதான் வேண்டும். பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள், வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். நனைந்த சாமான்களை வீசுமுன் படம் எடுத்து வைத்தால் காப்புறுதி கேட்க உதவும். வாளி, பூச்சட்டிகளைக் கவிழ்த்துவிடுங்கள், ஏடிஸ் கொசு சும்மா இருக்காது. மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். வயர்மேன் பார்த்த பிறகு போடலாம்.

அப்புறம் ஃபிரிட்ஜ். கதவைத் திறக்காமலே வைத்திருந்தாலும், கரண்டு போய் நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கும் மீனையோ இறைச்சியையோ நம்பக் கூடாது. இதையெல்லாம் தெரிந்த நான்தான் கிளம்புகிற அவசரத்தில் அதைக் காலி செய்ய மறந்தேன். புதன் சாயங்காலம் வீட்டைத் திறந்தால் சேற்று வாடையே தேவலாம் போலிருந்தது. சும்மா கொடுத்தும் பழைய சாமான்காரர் அந்த ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளவில்லை.