பழைய பித்தளை, ஈயம், விளக்கு: கேட்டவையும் என் பதில்களும்

கும்பகோணத்திலிருந்து: அத்தை வீட்டுப் பரணில் ஒரு பழைய ஈயச் சொம்பு கிடைத்தது. ரசம் வைக்கலாமா?

முதலில் அது வெள்ளீயம்தானா என்று பாருங்கள் அம்மா. காரீயம் கலந்திருந்தால் விஷம், ரசத்தின் புளிப்பு அதை இன்னும் இழுத்துக்கொண்டு வரும். விளிம்பை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள், கருங்கோடு விழுந்தால் அடுப்பில் ஏற்றவே வேண்டாம். கோடு விழவில்லை என்பதற்காகச் சுத்தம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், கொஞ்சம் கலந்திருந்தால் அதில் தெரியாது. சமைப்பதாக இருந்தால் உலோகம் சோதிக்கும் இடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது. சொம்பு தேறிவிட்டால், வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தீ.

மன்னார்குடி: 1818 என்று போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமா?

போகாது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர்: கடைக்காரர் நாச்சியார்கோவில் விளக்கு, நூறு வருடம் பழையது என்கிறார். எப்படி நம்புவது?

நாச்சியார்கோவில் விளக்கைக் காவிரி வண்டலில் அச்செடுத்து, பாகம் பாகமாக வார்த்துத் திருகிப் பூட்டுவார்கள். ஆகவே கழற்றிப் பாருங்கள். மரை தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா, அகலில் திரி வைக்கும் மூக்கு மழுங்கியிருக்கிறதா, அடிவட்டம் தரையில் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கை படுகிற இடம் ஒரு நிறம், சந்துபொந்து வேறு நிறம் என்று இருந்தால் புழங்கிய விளக்கு. எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பெரும்பாலும் மருந்து போட்ட வேலை. கழற்றவே விடாத கடையில் வாங்காதீர்கள்.

மயிலாடுதுறை: பித்தளை அடுக்கு ஒன்று வாங்கினேன். விளிம்பில் யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கிறது. பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். வீட்டுப் பித்தளைக்கு அந்த வெட்டைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் பக்கத்து வழக்கம், சிலதில் ஊரும் வருடமும்கூட இருக்கும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தால் கைவேலை. கோடு அதிர்ந்து அதிர்ந்து ஓடியிருந்தால் மெஷின் வந்த பிறகு வெட்டியது. எழுத்தையும் பாருங்கள். 'பிள்ளை' என்று இருந்து, அந்த ளை யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருந்தால், 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு எழுதப் பழகிய கை அது. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் இத்தனையும் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அவரே மறுபடியும்: அடுத்தவர் வீட்டுப் பெயர் போட்ட பாத்திரத்தில் எப்படிங்க பொங்கல் வைப்பது? நொடித்துப்போய் விற்ற வீடாக இருந்தால்?

மனசு ஒப்பவில்லையென்றால் அதில் பொங்க வேண்டாம், அரிசி போட்டு வையுங்கள். அழிக்க மட்டும் வேண்டாம்.

தஞ்சாவூர், கடை வைத்திருப்பவர்: அண்ணா, நீங்கள் சொல்வது கேட்க நல்லாயிருக்கு. பெயர் இருந்தால் வாங்குகிறவர் விலையைக் குறைக்கிறார். நான் என்ன செய்ய?

தம்பி, கிலோ கணக்கில் எடை போட்டு விற்றால் அவர் குறைக்கத்தான் செய்வார். "இன்ன ஊர்க் கல்யாணத்துக்கு வந்த அடுக்கு, இதோ வருடம்" என்று காட்டி ஒருமுறை விற்றுப் பாருங்கள். எவர்சில்வர் வந்ததும் நம் வீடுகளில் பித்தளையை எடைக்குப் போட்டுக் குடம் குடமாக உருக்கக் கொடுத்தோம். அதற்குத் தப்பி வந்ததில் இருக்கிற நாலு எழுத்தையும் நாமே அழித்தால், அப்புறம் அது வெறும் பித்தளைதான். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நாகப்பட்டினம்: 1839 அனுமார் காசு...

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதேதான். இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

பட்டுக்கோட்டை: அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் ஒருவரிடம் இருக்கிறதாம். முன்பணம் கேட்கிறார்.

மோசடி. ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

ஊர் வேண்டாம் என்றவர்: கொல்லையில் தோண்டும்போது சின்ன உலோகச் சிலை வந்தது. எவ்வளவு பெறும்?

விலையே பேசாதீர்கள். மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 சட்டம். இன்று தாசில்தார் அலுவலகத்துக்குப் போங்கள். நூறு வருடம் தாண்டிய சிலையை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதை 1972 சட்டம் தடுக்கிறது, வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே முடியாது. நம் பக்கத்துப் பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து வந்தவர்தான். கைமாறி லண்டன் வரை போய், வழக்கு நடந்து, 1991இல்தான் திரும்பினார். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், இருந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: பீங்கான் பூச்சுத் தட்டில் பின்னால் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

முத்திரை அசல் என்றால் 1945க்கும் 1952க்கும் இடையில் செய்தது. விளிம்பில் பூச்சு உதிர்ந்திருந்தால் அதில் சாப்பிட வேண்டாம்.

காசுக் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் வெட்டிய பாத்திரம் யாரிடம் இருந்தாலும், தேய்ப்பதற்கு முன்னால் எழுத்து தெரிகிற மாதிரி சாய்வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த முறை அவற்றை மட்டும் பார்ப்போம்.