பூனைக்கு ஓட்ஸ் கொடுக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் பூனையும் கிண்ணத்தில் வாய் வைக்கிறது. கொடுத்தால் ஏதாவது ஆகிவிடுமா மேடம்?

பதில்: தண்ணீரில் வெந்த வெறும் ஓட்ஸ் விஷமில்லை. நோயில்லாத, வளர்ந்த பூனை ஒரு வாய் நக்கியதற்குப் பதற வேண்டாம். ஆனால் உங்கள் கஞ்சியில் ஓட்ஸ் மட்டுமா இருக்கிறது? பால் ஊற்றியிருந்தால் பூனை வந்தது பெரும்பாலும் அந்தப் பாலின் கொழுப்பு வாசனைக்குத்தான். தாய்ப்பால் மறந்தபின் பல பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். மதியத்துக்குள் வயிறு கழியும். சர்க்கரை போடுவதில் பயனே இல்லை, பூனை நாக்குக்கு இனிப்பு தெரியாது. உலர்திராட்சையோ சாக்லேட் தூளோ கலந்திருந்தால் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எப்படிச் சமைப்பது, எவ்வளவு கொடுப்பது?

பதில்: ஒரு மேசைக்கரண்டி சாதா ஓட்ஸுக்கு அரை டம்ளர் தண்ணீர். சிறு தீயில் எட்டு பத்து நிமிடம், விரலால் நசுக்கினால் மசியும்வரை வேக வேண்டும். உப்பு, நெய், தேன் எதுவும் வேண்டாம். நன்றாக ஆறியதும் அதில் ஒரு தேக்கரண்டி மட்டும் எடுத்து வழக்கமான உணவோடு பிசைந்து கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். மீதியை நீங்கள் குடித்துவிடலாம்!

கணக்கு இதுதான். 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு சுமார் 200 முதல் 250 கலோரி தேவை. வெந்த ஓட்ஸ் 100 கிராமில் ஏறத்தாழ 70 கலோரி, ஒரு தேக்கரண்டியில் நாலைந்துகூடத் தேறாது. தின்பண்டமாகப் பத்து சதவீதம்வரை போகலாம் என்ற விதிப்படி பார்த்தால் இன்னும் கொஞ்சம் கொடுக்க இடமுண்டு. ஆனால் பூனைக்கு வேண்டிய சத்து அதில் இல்லாதபோது அந்த இடத்தை எதற்கு நிரப்ப வேண்டும்?

கேள்வி: மசாலா ஓட்ஸ் பாக்கெட்டைக் கழுவிவிட்டுக் கொடுத்தால்?

பதில்: கூடவே கூடாது. அதில் வெங்காயத்தூள், பூண்டுத்தூள், உப்பு மூன்றும் இருக்கும், கழுவினால் போகாது. பச்சை வெங்காயமே உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் போனால் பூனையின் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். தூளில் இது இன்னும் செறிவு, பூண்டு அதைவிட வீரியம். அறிகுறி அன்றே தெரியாது என்பதுதான் சிக்கல். இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அதுவரை காத்திருக்காமல் தின்றது தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் வீட்டு சாம்பார் சாதம், குழம்பு ஊற்றிய சோறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது, பூனைக்கும் தயிர்சாதம்தான். ஓட்ஸில் புரதம் அதிகமாமே, அதற்கு மாற்றிவிடலாமா?

பதில்: தயிர்சாதத்தைவிட ஓட்ஸில் புரதம் கூடுதல்தான், ஆனால் பிரச்சினை அளவில் இல்லை. டாரின் என்ற பொருளைப் பூனையின் உடல் போதுமான அளவு தயாரிக்காது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். ஓட்ஸிலும் அரிசியிலும் அது இல்லை. நெடுநாள் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து அறை விரியும். இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் வெளியானது. அதன்பின் தீவன நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. இன்னொன்று, கேரட்டிலும் பரங்கிக்காயிலும் உள்ள நிறச்சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள நம்மால் முடியும், பூனையால் முடியாது.

வீட்டில் இறைச்சி சமைக்க முடியாதென்றால் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று அச்சிட்ட பூனைத் தீவனம் வாங்குங்கள். அடுப்படிக்கே வர வேண்டியதில்லை. இறைச்சி சமைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: டாரின் தண்ணீரில் கரையும். கோழியை வேகவைத்த நீரைக் கொட்டினால் சத்தும் போச்சு, அதையும் சேர்த்தே கொடுங்கள். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். வெறும் கறியும் முழு உணவாகாது, அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு.

கேள்வி: தெருப்பூனைகள் மிச்சச் சோறு தின்று நன்றாகத்தானே இருக்கின்றன?

பதில்: நீங்கள் பார்ப்பது சோறு தின்னும் நேரத்தை. ராத்திரி எலி, பல்லி பிடிப்பதைப் பார்ப்பதில்லை. அடுக்குமாடி மூன்றாவது மாடியில் கதவடைத்து வளரும் பூனைக்கு அந்த வழி கிடையாது.

கேள்வி: மலச்சிக்கலுக்கு ஓட்ஸ் நல்லதா அக்கா? ஆண் பூனை, மண்தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: முதலில் அது முக்குவது மலத்துக்கா, சிறுநீருக்கா என்று பாருங்கள். தட்டில் ஈரக்கட்டி இல்லையென்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஆண் பூனைக்கு அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. சிறுநீர் தாராளமாகப் போகிறது, மலம்தான் இறுகியிருக்கிறது என்றால், முதல் மருந்து தண்ணீர். உலர்தீவனத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து ஆறியபின் கொடுங்கள். ஓட்ஸ் நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சும், போதிய நீர் இல்லாமல் கொடுத்தால் இறுக்கம் கூடும். அதைவிட வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி மேல். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: ரெண்டு நாளா வாந்தி, எதுவும் தின்னல. நோயாளிக் கஞ்சி மாதிரி ஓட்ஸ் கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம், இன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பூனை பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக. நாய்க்குச் செய்வதுபோல் ஒருநாள் பட்டினி போட்டு வயிற்றைச் சரிசெய்யும் வைத்தியம் பூனைக்குப் பொருந்தாது.

கேள்வி: தாயில்லாத குட்டி, மூன்று வாரம். ஓட்ஸ் தண்ணீர்?

பதில்: கூடாது. பூனைக்குட்டிப் பால்மாவு மட்டும். நான்கு வாரத்துக்குப் பிறகு குட்டிகளுக்கான ஈர உணவைக் குழைத்துப் பழக்குங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்ப் பூனைக்கு?

பதில்: வேண்டாம். மாவுச்சத்து குறைந்த உணவே அதற்கு வைத்தியத்தில் பாதி.

கேள்வி: பூனைப்புல் என்று விற்பது ஓட்ஸ் புல்தானாமே. கடை ஓட்ஸை விதைத்தால் முளைக்குமா?

பதில்: முளைக்காது. கடை ஓட்ஸ் ஆவியில் வேகவைத்து நசுக்கியது, உயிரில்லை. முழு கோதுமையை இரவு ஊறவைத்து, தென்னைநார்க் கழிவு நிரப்பிய தட்டில் தூவி ஈரம் காயாமல் வையுங்கள். பத்து நாளில் கடிக்கும் உயரம் வந்துவிடும். விதைநேர்த்தி செய்த விதை வேண்டாம், அதில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தால் தட்டோடு கொட்டிவிடுங்கள். புல் தின்று வாந்தி எடுத்தால் பயப்பட வேண்டாம், எப்போதாவது நடப்பதுதான்.

கேள்வி: அரிப்புக்கு ஓட்ஸ் குளியல்?

பதில்: செய்யலாம். ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் பால்போல் கரைத்து, ஐந்து பத்து நிமிடம் உடலில் ஊற்றி அலசுங்கள். நக்கினாலும் கெடுதல் இல்லை. கடை ஷாம்பூ என்றால் நாய்க்கானதை எடுக்காதீர்கள். நாய்களின் உண்ணிக்குச் சேர்க்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவழைக்கும்.