பழைய ஸ்பீக்கரில் முதலில் விரல் வைக்கவேண்டிய இடம்

கேள்வி: அண்ணா லண்டனிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. பின்பக்கத்தில் 6 தொடக்கம் 16 ஓம் என்று எழுதியிருக்கிறது. உரும்பிராயில் ஒருவர் கனடாவிலிருந்து கொண்டுவந்த, நிலத்தில் நிற்கிற பெரிய ஸ்பீக்கர் சோடி ஒன்றையும் ஒரு சப்வூஃபரையும் விற்கிறார். இருபது வருடத்துக்கு மேல் பழசு. "ஒருநாளும் சத்தமாய்ப் போட்டதில்லை, புதுசு மாதிரி" என்கிறார். அந்தக் காசுக்கு யாழ்ப்பாணம் ரவுனில் புது ஹோம் தியேட்டர் செற் ஒன்று வாங்கலாம். எங்கள் ஹோல் 12 அடிக்கு 14 அடி. எதை வாங்குவது?
– கொக்குவில் வாசகர்

பதில்: ஸ்பீக்கர் சோடியை வாங்குங்கள். ஆனால் அந்த வீட்டிலேயே அரை மணித்தியாலம் இருந்து சோதித்த பிறகுதான் காசு கைமாற வேண்டும். அடித்தொனிக்கு மட்டும் என்று வருகிற பெட்டியான சப்வூஃபரில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களிடம் அம்பிளிபயர் ஏற்கெனவே இருப்பதுதான் இங்கே பெரிய விஷயம். அதோடு இணைக்கிற ஸ்பீக்கருக்குள் காந்தம், செப்புக் கம்பிச் சுருள், கோன் (அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கூம்பு), சில கொண்டென்சர்கள் (மின்தேக்கிகள்), பலகைப் பெட்டி தவிர வேறொன்றும் இல்லை. ஃபோனைப் போல வருடத்துக்கு வருடம் பழசாகிப்போகிற சாமான் அல்ல இது. இருபது வருடத்தில் காந்தம் வலுக் குறைந்துவிடாது. 2000ஆம் ஆண்டளவில் கவனமாகச் செய்த ஒரு ஸ்பீக்கர் இன்றைக்கும் நல்ல ஸ்பீக்கர்தான். மலிவான ஹோம் தியேட்டர் செற் அப்படியில்லை. அதில் எல்லாம் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. நடுப்பெட்டியில் ஒரு சர்க்கிற் போர்ட் எரிந்தால் ஐந்து ஸ்பீக்கரும் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் '5000 வாட் பிஎம்பிஓ' என்ற எண்ணையும் நம்ப வேண்டாம், அது விளம்பரத்துக்காகப் போடுகிற கணநேர உச்சக் கணக்கு. அதே செற்றின் பின்பக்கத்தில் அது இழுக்கிற மின்சாரம் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். 60 வாட் இழுக்கிற சாமான் 5000 வாட் பாட முடியாது. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண் ஒன்றைத்தான் பார்க்கலாம், அது தொடர்ந்து தரக்கூடிய வாட்.

சரி, "ஒருநாளும் சத்தமாய்ப் போட்டதில்லை" என்ற பேச்சுக்கு வருவோம். அவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது போதாது. ஸ்பீக்கர் பாவித்தும் கெடும், பாவிக்காமலே கெடும். கோனின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கிற வளையம் ஒன்று இருக்கிறது. அது ரப்பராக இருக்கலாம், பூச்சுப் பூசிய துணியாக இருக்கலாம், ஸ்பொஞ்சாகவும் இருக்கலாம். ஸ்பொஞ்ச் வளையம் காற்றிலுள்ள ஈரத்தாலும் வெக்கையாலும் தானாகவே உக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் போய்விடுவது சாதாரணம், எங்கள் ஊர் வெக்கைக்கு இன்னும் முந்தியும் போகலாம். நான் முதன்முதலில் வாங்கிய பாவித்த சோடி, வந்த கார்ட்போர்ட் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கோனைத் தொட்டேன்; வளையம் கருப்புத் தூளாகக் கையோடு வந்தது. விற்றவர் என்னை ஏமாற்றவில்லை, அவருக்கும் அது தெரியாது. அன்றைக்கு வந்த கவலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

முன்பக்கத் துணி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். வளையத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். ரப்பர் என்றால் வழவழப்பாக, நெகிழ்வாக இருக்கும். ஸ்பொஞ்ச் என்றால் நுண்ணிய துளைகள் தெரியும். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ அது முடிந்தது. அப்புறம் இரண்டு கைவிரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். 'சர்சர்' என்று உரசினால் உள்ளே சுருள் வளைந்திருக்கிறது, அல்லது எங்கோ விழுந்து காந்தம் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் பேரம் பேசவே வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள். வளையம் மட்டும் உக்கி, கோனும் சுருளும் நன்றாக இருந்தால் அது வேறு கதை. கோனை வைத்துக்கொண்டே வளையத்தை மட்டும் மாற்றலாம். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களிடம் கேட்டால் இந்த வேலை தெரிந்த கை எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். "கோனையே மாற்றித் தருகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். வேறு கோன் போட்டால் அந்த ஸ்பீக்கரின் குரலே மாறிவிடும்.

கையில் ஒரு மல்ரிமீற்றர் (மின் அளவுகளை அளக்கும் கருவி) கொண்டுபோங்கள். வயர் பூட்டாமல், பின்னாலுள்ள சிவப்பு, கறுப்பு முனைகளில் ஓம், அதாவது மின்தடை, எவ்வளவு என்று அளந்து பாருங்கள். மீற்றரில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும்; 8 ஓம் ஸ்பீக்கர் 5.5க்கும் 7க்கும் இடையில் காட்டும். 3 அல்லது 3.5 காட்டினால் அது 4 ஓம். குறைந்தது 6 என்று எழுதியிருக்கும் உங்கள் அம்பிளிபயர் சத்தம் கூட்டும்போது சூடேறும். இரண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சிலவற்றின் பின்னால் நான்கு முனைகள் இருக்கும், அவற்றை இரண்டு உலோகத் தகடுகள் இணைத்திருக்கும். அந்தத் தகடுகள் தொலைந்துபோயிருந்தால் பாதிதான் பாடும். பயப்பட வேண்டாம், ஒரு துண்டு வயர் போதும்.

கூரிய ஒலிகளைத் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீற்றரை இந்த மீற்றரால் சோதிக்க முடியாது. அதற்கு முன்னால் ஒரு கொண்டென்சர் இருப்பதால் மீற்றர் உள்ளேயுள்ள வூஃபரை, அதாவது அடித்தொனி தருகிற பெரிய ஸ்பீக்கரை, மட்டும்தான் பார்க்கும். ஆகவே காதால்தான் கேட்க வேண்டும். உங்கள் அம்பிளிபயரையே தூக்கிக்கொண்டு போங்கள். விற்பவரின் அம்பிளிபயரில் நன்றாகக் கேட்டது உங்களுடையதில் எப்படியிருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நான் சோதிக்கப் போடுவது நாதஸ்வரமும் தவிலும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு கிடைத்தால் வேறெதுவும் தேவையில்லை. தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விரல் விழுகிற கூர்மை ட்வீற்றரையும், தொப்பியில் (இடப்பக்கத்தில்) தடி விழுகிற கனம் வூஃபரையும் காட்டிக்கொடுத்துவிடும். பாலன்ஸ் திருகை ஒருமுறை முழுக்க இடப்பக்கம், ஒருமுறை முழுக்க வலப்பக்கம் திருப்பிக் கேளுங்கள். ஒரு பக்கம் மங்கலாகக் கேட்டால் அந்தப் பக்க ட்வீற்றரோ கொண்டென்சரோ சோர்ந்திருக்கிறது. கொண்டென்சர் மாற்றுவது பெரிய செலவில்லை. ட்வீற்றர் என்றால் அதே இனம் தேட வேண்டும், அது இங்கே சிரமம். இரண்டையும் சேர்த்துப் போடும்போது தனிக்குரல் நடுவிலிருந்து வர வேண்டும். குரல் எங்கேயோ சிதறி, அடித்தொனியும் காணாமல் போனால் ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டுப்பட்டிருக்கும். அது கோளாறு அல்ல.

அப்புறம் பெட்டி. பெரும்பாலான பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நிலத்தில் நின்றவை என்பதால் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். மாரியில் தண்ணீர் ஏறியிருந்தால் பலகை பிஸ்கட் போல ஊதியிருக்கும். கறையான் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று வருகிற துளை இருந்தால் டோர்ச் அடித்து உள்ளே பார்க்கவும். குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருந்ததை நானே இரண்டு தரம் எடுத்திருக்கிறேன். கடலுக்குக் கிட்டிய வீடென்றால் முனைகளில் துருவைத் தேடச் சொல்வேன், உரும்பிராயில் அந்தப் பயம் குறைவு.

விலை? எல்லாம் சரியாக இருந்தால், அதே தரத்தில் புதுசு என்ன விலையோ அதில் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன். வளையம் போயிருந்தால் திருத்தும் கூலியை முதலில் விசாரித்து, அதையும் அதற்கு உங்களுக்கு வரும் அலைச்சலையும் கழித்துக் கேளுங்கள். எந்த மொடல் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். போஸ் 901 போன்றவை தமக்கென்று வருகிற ஈக்குவலைசர் (தொனிகளைச் சமன்செய்கிற தனிப்பெட்டி) இல்லாமல் சரியாகப் பாடாது. அது கூட வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி அந்த சப்வூஃபர். ஸ்பீக்கர் சோடிக்குச் சுவரில் செருகும் பிளக் இல்லை, அதனால் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். சப்வூஃபருக்குள் அம்பிளிபயர் இருக்கிறது, அதைச் சுவரில்தான் செருக வேண்டும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. "போட்டுக் காட்டுகிறேன்" என்று அவர் நேரே செருகினால் அந்த இடத்திலேயே புகைந்துவிடும். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். 115/230 என்று மாற்றுகிற சுவிட்ச் இருந்தால் 230இல் வைத்துப் பாவிக்கலாம். 120 மட்டும் என்றால், அது இழுக்கிற வாட்டைவிடக் கூடிய வாட் தாங்குகிற, 230ஐ 120ஆகக் குறைக்கும் ஸ்ரெப்டவுண் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சப்வூஃபர் மலிவாகத் தெரியாது. அதன் உள் அம்பிளிபயர் இருபது வருடம் பழசு என்பதையும் மறக்கக்கூடாது.

உங்கள் ஹோலுக்கு அது தேவைப்படாமலே போகலாம். 12 அடிக்கு 14 அடி அறையில், அதுவும் சீமெந்து நிலத்தில், பெரிய ஸ்பீக்கர் சோடியே போதிய அடித்தொனி தரும். மூலையில் ஒட்டி வைத்தால் இரைச்சலாகக்கூட வரும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழே ஒரு பலகைத் துண்டு வைத்து, முன்னால் பாய் ஒன்று விரித்துக் கேளுங்கள். சோடியை மட்டும் இப்போது எடுத்துக்கொண்டு, சப்வூஃபரை ஒரு மாதம் விற்காமல் வைத்திருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.