ஊட்டியில் பருப்பு ஏன் வேக அடம்பிடிக்கிறது?

ஊட்டியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார் நான். மலைக்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (ஊட்டிக்கு மாற்றலாகி வந்த ஒரு அம்மா): சென்னையில் மூன்று விசிலில் குழைந்த துவரம்பருப்பு, இங்கே ஐந்து விட்டாலும் நறுக்கென்று நிற்கிறது. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள் அம்மா. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் இங்கே. அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் தீயைக் கூட்டினால் ஆவிதான் போகும், சூடு ஏறாது. குக்கர் இருக்கிறதே என்பீர்கள். அதன் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் பங்கைச் சேர்க்கும். கீழ்க்கணக்கு குறைந்தால் மொத்தமும் குறையும். சென்னையில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் இங்கே 116-ஐ ஒட்டியே நின்றுவிடும். நாலு டிகிரி நமக்கு ஒன்றுமில்லை, பருப்புக்குப் பெரிசு. முன்கூட்டியே ஊறப்போடுங்கள். விசிலை எண்ணாதீர்கள், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுங்கள்.

கேள்வி (குன்னூர், டாக்ஸி ஓட்டுபவர்): சார், வண்டி ஏறும்போது லிட்டருக்கு 10 கிலோமீட்டர், இறங்கும்போது 30 கொடுக்குது. சராசரி 20-னு ஓனர் கணக்குப் போடறார். டீசல் பில் ஒத்துவர மாட்டேங்குது.

பதில்: பில் சரி தம்பி, ஓனர் கணக்குதான் தப்பு. 30 கிலோமீட்டர் ஏற 3 லிட்டர், அதே 30 இறங்க 1 லிட்டர். 60 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் என்றால் 15தான் வரும். இதை அப்படியே அவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1,000 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுகிற ஆற்றலைக் கொண்டு சுமார் 30 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனை சூடும் பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும்? ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): மலை ரயில் ஏறும்போது இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது?

பதில்: கல்லாறு தாண்டியதும் பாதை, 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறும். வழுவழுப்பான இரும்புச் சக்கரத்தை மட்டும் நம்ப முடியாததால், நடுவில் பல்தண்டவாளம் பிடித்துக்கொள்கிறது. இணைப்பு ஏதாவது அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி ஓடிவிடாமல் தாங்கவே இன்ஜின் கீழ்ப்பக்கம் நிற்கிறது.

கேள்வி (தலைகுந்தா, காய்கறி விவசாயி): திண்ணையில தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுது. ஆனா கேரட் இலை எல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. எப்படிங்க? அதுவும் பள்ளத்துல மட்டும், மேட்டுல இல்லை.

பதில்: நல்ல கேள்விங்க. தெர்மாமீட்டர் கூரைக்கடியில் காற்றை அளக்கிறது. இலையோ வெட்டவெளியில் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. மேகம் இருந்தால் இலை விடும் வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். தெளிந்த, காற்றசையாத இரவில் அது நடக்காது. சுற்றியுள்ள காற்றைவிட இலை சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போகும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நேராகவே உறையும். பனி 'விழுது' என்கிறோமே, உறைபனி விழுவதில்லை, அங்கேயே பூக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வடிந்து பள்ளத்தில் தேங்கும். உங்கள் மேட்டுத்தோட்டம் தப்பியது அப்படித்தான்.

சந்தேகமிருந்தால் விடியலில் ஜீப்பை நகர்த்திப் பாருங்கள். வண்டி நின்ற இடத்துப் புல் மட்டும் பச்சையாக இருக்கும். காய்ந்த தழையைப் போட்டு மூடுவதும் வானத்தை மறைக்கிற அதே வேலைதான்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி): சிப்ஸ் பாக்கெட் ஏன் இங்கே உப்பிக்கொள்கிறது?

பதில்: உள்ளே இருப்பது கீழ்நாட்டுக் காற்று, பாப்பா, வெளியே நம்ம மெல்லிய காற்று. அடுத்தமுறை கீழே போகும்போது காலி தண்ணீர் பாட்டிலை இங்கேயே இறுக மூடி எடுத்துப்போ. எந்த வளைவில் முதல் 'டப்' சத்தம் கேட்டது என்று எனக்கு எழுது.